கொஞ்ச நேரம் நாம் வெளியே நிற்போம்

(குழந்தைப் பாதுகாப்புக் களப்பணியாளர்கள், ஆசிரியர்கள், சமூகப்பணி மாணவர்கள் கலந்துகொண்ட பயிற்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடும்பத்துக்குள் சண்டை, அதனால் பிள்ளைக்குப் பாதிப்பு, நாம் போய்ப் பேசிச் சமாதானம் செய்து வைக்கிறோம். நம் வேலை என்ன என்று ஊரில் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். நம் மனதிலும் இதே எண்ணம்தான் ஊறிக் கிடக்கிறது. இன்று நான் பேச வந்தது, இந்தக் கணக்கில் விட்டுப்போகும் ஒன்றைப் பற்றி. ஒரு குழந்தைக்காக நாம் கூட்டுகிற ஆதரவுக் குழுவில் மோதிக்கொள்கிறவர்களில் நாமும் ஒரு தரப்பு. பல நேரங்களில் பெரிய தரப்பே நாம்தான்.

அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நன்னடத்தை அலுவலர், சமூகப்பணியாளர், ஆற்றுப்படுத்துநர், குழந்தைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர், தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், சில சமயம் காவல் நிலையத்திலிருந்து ஒருவர், சில சமயம் மனநல மருத்துவர். இவர்கள் எல்லோருக்கும் மேலே, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு. எதிரே ஓர் அம்மாவும் ஒரு பாட்டியும். நம் பக்கத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு மேலதிகாரி உண்டு, ஒரு பதிவேடு உண்டு, மாதக் கடைசியில் அனுப்ப வேண்டிய அறிக்கை உண்டு. பள்ளிக்கு வருகைப்பதிவு குறையக் கூடாது. மருத்துவருக்கு மாத்திரை விட்டுப்போகக் கூடாது. இல்லத்துக்கு, பையன் வெளியே போன பிறகு ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் தலையில் விழக் கூடாது. இந்த அக்கறைகள் எதுவும் பொய்யில்லை. ஆனால் இவை ஒன்றையொன்று முட்டும்போது அதை நாம் மோதல் என்று சொல்வதே இல்லை. 'தாயார் ஒத்துழைப்பு தரவில்லை' என்று ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஒரு தாயைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வரச் சொல்கிறார் தலைமையாசிரியர். அதே திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மாவட்டத் தலைநகரில் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜராகச் சொல்லிக் கடிதம் போகிறது. அந்த அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர். ஒரு நாள் லீவு போட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். இரண்டு இடத்துக்கும் போக முடியாமல் கடைசியில் ஓர் இடத்துக்கும் போகாமல் இருந்துவிடுகிறார். இரண்டு அலுவலகங்களும் ஒன்றோடொன்று ஒரு முறைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு விலை கொடுத்தது அவர். அவருடைய பெயருக்கு நேரேதான் அந்த வரியும் ஏறுகிறது.

இது நம் ஊரில் மட்டும் உள்ள நோயில்லை. அமெரிக்காவில் 1982-இல் ஜேன் நிட்ஸர் என்பவர் ஓர் அறிக்கை எழுதினார். கடுமையான மனநலச் சிக்கல் உள்ள குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தேவையான சேவை கிடைக்கவே இல்லை என்று அதில் காட்டினார். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தத் துறையும் முழுப்பொறுப்பு ஏற்காமல், ஒன்று இன்னொன்றைக் கைகாட்டியது. அந்த அறிக்கைக்குப் பிறகு 1984-இல் மத்திய அரசு, மாநிலங்களில் துறைகளை இணைக்க ஒரு திட்டம் தொடங்கியது. அதற்கு முன்பே சிகாகோவில் கார்ல் டென்னிஸ் போன்றவர்கள் வேறு வழியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை நம் சேவைக்கு ஏற்றபடி வளைக்காமல், பிள்ளையைச் சுற்றிச் சேவையை அமைப்பது அவர்கள் வழி. அது 'ராப்அரவுண்ட்' என்று பெயர் பெற்றது. பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. 2004-இல் அதற்குப் பத்துக் கோட்பாடுகளை வகுத்தபோது முதலாவதாக வைத்தது குடும்பத்தின் குரலையும் விருப்பத்தையும்.

நான் அதில் அதிகம் யோசித்தது மில்வாக்கி நகரத்தைப் பற்றி. அங்கே 1990-களின் நடுவில், வீடு திரும்பும் திட்டம் எதுவும் இல்லாமல் சிகிச்சை இல்லங்களில் கிடந்த 25 பிள்ளைகளோடு ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். குழந்தைகள் நலத்துறையும், இளஞ்சிறார் நீதித்துறையும், மருத்துவ உதவித் திட்டமும் தனித்தனியாகச் செலவழித்த பணத்தை ஒரே நிதியில் கொட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், ஒரு திட்டம். ஓர் ஒருங்கிணைப்பாளருக்கு ஏறக்குறைய எட்டுக் குடும்பங்கள்தான். துறைகளுக்கு இடையிலான சண்டையில் பாதி 'இது யார் செலவு' என்ற சண்டை. பணம் ஒரே பையில் இருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பேச்சுத் திறமை, ஆலோசனைத் திறமை என்று நாம் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் இந்த இடத்தைத் தொடாமல் போனால் பலன் குறைவுதான். உயர் அதிகாரிகள் சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது மோதல் என்பதற்கே வருகிறேன்.

மோதலைப் பற்றி நான் படித்தவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் மேரி பார்க்கர் ஃபோலெட். 1868-இல் பிறந்தவர், பாஸ்டன்காரர். இன்று அவரை நிர்வாகவியல் மாணவர்கள்தான் படிக்கிறார்கள். ஆனால் அவர் முதலில் நம் துறைக்காரர். பாஸ்டனின் ஏழைப் பகுதிகளில் பல ஆண்டுகள் வேலை செய்தார். மாலையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்களைத் திறந்து மக்கள் கூடும் இடங்களாக மாற்றப் பாடுபட்டார். தெருச் சண்டையும் சங்கச் சண்டையும் பார்த்துப் பழகிய பிறகுதான் 1925-இல் மோதலை ஆக்கத்துக்குப் பயன்படுத்துவது பற்றிப் பேசினார்.

மோதல் மூன்று விதமாக முடியும் என்றார் அவர். ஒருவர் ஜெயிப்பது. ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பது. மூன்றாவதாக, இருவரின் தேவையும் நிறைவேறும்படி புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது. இதற்கு அவர் காட்டிய உதாரணம் மிகச் சிறியது. ஹார்வர்டு நூலகத்தின் ஒரு சின்ன அறையில் அவரும் இன்னொருவரும் இருந்தார்கள். ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபோலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். ஆள் இல்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று வந்தது. வாடை நேராக இவர் மேல் படவில்லை. இருவரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் குழுக்களில் முதல் இரண்டுதான் நடக்கிறது. ஒன்று, அதிகாரி சொல்வது நடக்கும். இல்லையென்றால் பாதிக்குப் பாதி. பையன் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று எழுதி முடித்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு அது நியாயமாகத் தெரியும். பிள்ளைக்கோ இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு ஊர், எதிலும் ஒட்டாத நட்பு. பாதியாகப் பிரிக்கக் கூடியது பணம், நிலம், பாத்திரம் பண்டம். குழந்தையைப் பிரித்தால் இரு தரப்பும் சமமாக நஷ்டப்படுவது மட்டுமே அங்கே நியாயமாகிறது.

மூன்றாவது வழிக்குப் போக வேண்டுமானால், 'உனக்கு என்ன வேணும்' என்பதோடு நிற்காமல் 'அது எதுக்கு வேணும்' என்பது வரை போக வேண்டும். இதை ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பன்னிரண்டு வயதுப் பையன். அப்பா இறந்து இரண்டு வருடத்துக்குள்தான் ஆகிறது. அம்மா பிழைப்புக்குத் திருப்பூர் போனார், சின்னப் பெண்ணைக் கூட அழைத்துக்கொண்டு. பையன் ஊரில் அப்பத்தாவோடு. பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டுச் செங்கல் சூளையில் வேலைக்குப் போனவனை யாரோ 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல, இல்லத்துக்கு வந்தான். இனி அவன் எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி.

கூட்டம் அங்கன்வாடிக் கட்டடத்தில். அலுவலர்களுக்குக் கை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேஜைமேல் ஃபைல், பக்கத்தில் ஸ்டாம்ப் பேடு. அப்பத்தா தரையில் சுவரோரம் உட்கார்ந்தார். அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மாமியார் தரையில் இருக்க மருமகள் எப்படி நாற்காலியில் உட்கார்வார்? அவர் தரையில் உட்காரத் தயார். ஆனால் அங்கே உட்கார்ந்தால் அப்பத்தாவின் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். முதலில் டீ அலுவலர்களுக்கு வந்தது. அங்கே ஒரு வார்த்தை பேசும் முன்பே யார் கேட்கிறவர், யார் பதில் சொல்கிறவர் என்பது முடிவாகிவிட்டது. ஸ்டாம்ப் பேடைப் பார்த்த அப்பத்தா கடைசியில் எங்கே கைநாட்டு வைக்கச் சொல்வார்கள் என்பதிலேயே குறியாக இருந்தார்.

'பேரன் எங்க வீட்டுப் புள்ள. இங்கதான் இருக்கணும். அவ என்னத்தப் பாக்கப் போறா, பொழுது விடிஞ்சா கம்பெனிக்குப் போறவ' என்றார் அப்பத்தா. 'என் புள்ளைய என்கூட அனுப்புங்க சார்' என்றார் அம்மா. அரசு விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்றார் தலைமையாசிரியர். இன்னும் ஒரு வருடம் இல்லத்திலேயே இருக்கட்டும் என்றார் கண்காணிப்பாளர். ஆளுக்கு ஒரு தீர்வோடு வந்திருந்தார்கள், நான்கும் நான்கு திசை. இந்த நிலையில் எவ்வளவு நேரம் பேசினாலும் குரல்தான் உயரும்.

கூட்டத்தை நடத்திய சமூகப்பணியாளர் ஓர் இளம் பெண். அவர் செய்தது எளிமையான காரியம். கூட்டத்தை அங்கேயே நிறுத்தினார். 'இன்னிக்கு எதிலேயும் கையெழுத்து வாங்கப் போறதில்ல பாட்டி' என்று சொல்லி ஸ்டாம்ப் பேடை எடுத்துப் பையில் போட்டார். பாயை விரித்து எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னார், தலைமையாசிரியர் உட்பட. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகப் போய்ப் பார்த்தார். எனக்கு அந்தத் தனிச் சந்திப்புகள்தான் முக்கியமாகப் படுகின்றன. கூட்டத்தில் வெளிவராதது அங்கே வந்தது.

அப்பத்தாவின் பயம் வேறு. மகன் போய்விட்டான். பேரனும் திருப்பூர் போய்விட்டால் தனக்குக் கொள்ளி வைக்க ஆள் வராது என்று நினைத்தார். அந்த வீடு நம்பி இருக்கிற அரைக் காணி நிலத்தைப் பங்காளிகள் அமுக்கிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அம்மாவின் பயமும் அதேபோல. பையனை ஊரில் விட்டால் 'புள்ளய விட்டுட்டுப் போனவ' என்ற பேச்சு நிலைத்துவிடும், பிறகு அந்த வீட்டு வாசலைத் தான் மிதிக்கவே முடியாது. நிலத்தில் பிள்ளைகளுக்கு உள்ள பாத்தியதையும் போய்விடும். கவனியுங்கள், இருவரும் ஒரே ஆட்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பங்காளிகளை. இரண்டு பேரும் எதிரெதிராக நிற்கிறார்கள் என்று எழுதியிருந்த ஃபைலில் இது எங்கும் இல்லை.

கண்காணிப்பாளருக்கு, சென்ற ஆண்டு வீட்டுக்கு அனுப்பிய ஒரு பிள்ளை மறுபடி வேலைக்குப் போய், அதற்கு விளக்கம் எழுத வேண்டி வந்த பதற்றம். தலைமையாசிரியருக்கு, மூன்றாம் முறையாக ஒரே பையனுக்குப் பெயர் நீக்கிச் சேர்க்கும் எரிச்சல். இவர்களும் பயப்படுகிற மனிதர்கள்தான். இவர்களைத் தனியாகப் பார்த்துப் பேசியதும் அந்தப் பணியாளரின் கெட்டிக்காரத்தனம். குடும்பத்துக்கு ஆலோசனை சொல்வது நம் வேலை என்று நினைக்கிறோம். சக அலுவலரின் பயத்தைக் கேட்பதும் அதே வேலைதான்.

பையனிடம் யாரும் கேட்கவில்லை என்பது இரண்டாம் வாரத்தில்தான் தெரிந்தது. கேட்டால், அவனுக்குத் தங்கச்சியோடு இருக்க வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் சரி. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தையின் பங்கேற்பை அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. தனிநபர் பராமரிப்புத் திட்டத்தைக் குழந்தையைக் கலந்தே தயாரிக்க வேண்டும் என்கின்றன விதிகள். குழந்தையின் கருத்துக்கு மதிப்பளிக்கச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992-இலேயே சேர்ந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, அதற்குரிய படிவமும் இருக்கிறது. 'நீ என்ன சொல்றே தம்பி?' என்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் வந்த ஏற்பாடு இது. முழுஆண்டுத் தேர்வு முடியும்வரை பையன் அப்பத்தாவோடு, அதே பள்ளியில். தங்கையும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வருவார்கள். தேர்வுக்குப் பிறகு பையன் திருப்பூர் போவான். கோடை விடுமுறையிலும் பொங்கலுக்கும் இரண்டு பிள்ளைகளும் அப்பத்தாவிடம். நிலத்தின் பட்டாவில் வாரிசுகள் பெயரைச் சேர்க்க, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் உதவுவார். இது நம் துறையின் வேலையே இல்லை, ஆனால் இதுதான் இரண்டு பெண்களின் பயத்தையும் தணித்தது. மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிப்பது. அப்பத்தாவே சொல்லி எழுத வைத்த ஒன்றும் அதில் உண்டு. பையன் காதுபட அவன் அம்மாவைப் பற்றி யாரும் குறைவாகப் பேசக் கூடாது. அம்மாவும் பதிலுக்கு அப்படியே.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது ஞாயிறே அம்மா வரவில்லை, ஆர்டர் அவசரம் என்று ஞாயிறும் வேலை வைத்துவிட்டார்கள். ஊரில் பேச்சு எழுந்தது. மறுபடி கூடினார்கள். ஞாயிறு என்பதை 'மாதத்தில் இரண்டு நாள், முதல் நாளே போனில் சொல்லிவிட வேண்டும்' என்று மாற்றினார்கள். ஒப்பந்தம் முறிந்தது என்று நன்னடத்தை அலுவலர் எழுதப் போனதைத் தடுத்தது அப்பத்தாதான். குடும்பங்களின் வாழ்க்கை வாரச் சம்பளத்திலும் மழையிலும் காய்ச்சலிலும் ஓடுகிறது. அதில் மாறாத ஒப்பந்தம் என்று ஒன்று கிடையாது. மீண்டும் கூடும் நாளை முதலிலேயே குறித்து வைத்தால், மாற்றம் தோல்வியாகத் தெரியாது.

இந்த இடத்தில் நியூசிலாந்துக்குப் போக வேண்டும். குடும்பத்தின் கையில் முடிவைக் கொடுப்பது என்பதை ஒரு நாடு சட்டமாகவே எழுதியது அங்கேதான்.

அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்களின் குழந்தைகளைச் சமூகநலத்துறை தொடர்ந்து வீட்டிலிருந்து எடுத்து இல்லங்களிலும் அந்நியர் வீடுகளிலும் வைத்தது. அந்தச் சமூகத்தில் குழந்தை என்பது அப்பா அம்மாவுக்கு மட்டும் சொந்தமான பிள்ளை அல்ல. பெரிய குடும்பம், கிளை, குலம் எல்லாவற்றுக்கும் பிள்ளை. துறைக்கு அது தெரியவில்லை. அப்பா அம்மா சரியில்லை என்றால் அடுத்தது அரசு என்று வைத்துக்கொண்டது. ஜான் ரங்கிஹாவ் என்ற மாவோரிப் பெரியவர் தலைமையில் ஒரு குழு நாடு முழுவதும் மாவோரிகளின் பொதுக் கூடங்களுக்குப் போய் மக்கள் பேச்சைக் கேட்டது. 1986-இல் வந்த அதன் அறிக்கை, துறைக்குள்ளேயே இனப்பாகுபாடு ஊறியிருக்கிறது என்று நேருக்கு நேர் சொன்னது. மூன்று ஆண்டு கழித்து 1989-இல் குழந்தைகள், இளையோர், அவர்களின் குடும்பங்களுக்கான சட்டம் வந்தது. குடும்பக் குழு மாநாடு என்ற முறை அதில்தான் பிறந்தது.

அது நடக்கும் விதத்தைக் கேளுங்கள். ஒருங்கிணைப்பாளர் முதலில் குடும்பத்தைக் கலந்து யாரை அழைப்பது, எங்கே, எப்போது கூடுவது என்று முடிவு செய்கிறார். அத்தை, மாமன், தாத்தா என்று உறவு விரிகிறது. மாவோரிக் குடும்பங்களின் கூட்டத்தில் பிரார்த்தனையும் சாப்பாடும் உண்டு. பிறகு சமூகப்பணியாளரும் மற்றவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். என்ன நடந்தது, எதற்குப் பயப்படுகிறோம், என்ன உதவி கிடைக்கும். அதன் பிறகு அதிகாரிகள் எல்லோரும் எழுந்து அறைக்கு வெளியே போய்விடுகிறார்கள். குடும்பம் தனியாகப் பேசுகிறது. தனியாகக் கலந்து பேசும் அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. பேசி முடித்துத் திட்டத்தோடு அவர்கள் அழைத்த பிறகுதான் அதிகாரிகள் உள்ளே வருகிறார்கள். திட்டம் குழந்தைக்குப் பாதுகாப்பானதா என்று பார்த்துச் சம்மதிக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு உரிமை உண்டு. சம்மதம் வராவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அந்தத் தனி நேரம் எதற்கு என்று நம் பயிற்சிகளில் கேட்கிறார்கள். நாம் இருந்தால் தப்பாகப் போகாமல் பார்த்துக்கொள்ளலாமே என்கிறார்கள். நாம் இருக்கும்வரை குடும்பம் நம்மைப் பார்த்துத்தான் பேசும். அண்ணன் தம்பியைக் குறை சொல்வது தம்பி காதுக்காக இருக்காது, அதிகாரி காதுக்காக இருக்கும். நாம் போன பிறகு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டி வரும். அங்கே சத்தம் வரும், அழுகை வரும், பழைய சீர்வரிசைக் கணக்கு வரும். வரட்டும். 'நான் மாசம் ஒரு மூட்டை அரிசி போடுறேன்' என்று ஒரு சித்தப்பா சொல்வதும் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். எந்த அலுவலரும் கேட்டு வாங்க முடியாத வாக்கு அது.

நியூசிலாந்து முறையை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சட்டம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளில் மாவோரிகள் அளவுக்கு மீறி இருந்தார்கள். 2019-இல் ஹேஸ்டிங்ஸ் நகர மருத்துவமனையில் ஓர் இளம் மாவோரித் தாயிடமிருந்து பிறந்த குழந்தையை எடுக்க அலுவலர்கள் முயன்ற காட்சி வெளியானபோது நாடே கொதித்தது. 2021-இல், மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைடாங்கித் தீர்ப்பாயம், துறை அடிப்படையிலேயே மாற வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. மாநாடு என்ற பெயரில் கூட்டம் நடத்தி, ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சம்மதம் வாங்கினால் எந்த முறையும் செத்துப்போகும். அங்கேயும் அது நடந்தது. இங்கே இன்னும் எளிதாக நடக்கும்.

ஏனென்றால் நம்மிடம் கட்டப் பஞ்சாயத்து என்ற பழக்கம் இருக்கிறது. 'ஊர் கூடிப் பேசித் தீர்ப்பது நமக்குப் புதுசா?' என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஊர் கூடிப் பேசியதில் பெண்கள் திண்ணைக்கு வெளியே நின்றார்கள். சேரிக்காரர் கைகட்டி நின்றார். பிள்ளைகளுக்கு வாயே கிடையாது. அங்கே காப்பாற்றப்பட்டது ஊர் மானமும் சாதிக் கௌரவமும். 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகளைச் சட்டவிரோதம் என்று கண்டித்ததை நினைவில் வையுங்கள். குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள் என்பதால் அது உடன்பாடு ஆகிவிடாது. யார் யாரைப் பார்த்துத் தலையாட்டினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அடிக்கிற கணவனையும் அடிவாங்குகிற மனைவியையும் ஒரே பாயில் உட்கார வைத்து 'இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்' என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் பாதுகாப்பு அலுவலரும் அப்படிப்பட்ட பெண்களைக் காக்கத்தான் இருக்கிறார்கள். குழந்தைமேல் பாலியல் வன்முறை நடந்ததாகத் தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும், குடும்பத்தின் சமாதானம் எதுவும் அந்தக் கடமையை நீக்காது. 'குடும்ப மானம் போயிரும், பேசி முடிச்சிடலாம்' என்று ஒரு தாய்மாமன் கண்கலங்கிச் சொல்லும்போது, அவரைப் புரிந்துகொண்டபடியே மறுக்கத் தெரிய வேண்டும். எதைப் பேசலாம், எதைப் பேசவே கூடாது என்று முதலிலேயே குடும்பத்திடம் சொல்லிவிட்டால், மற்றவற்றை அவர்கள் இன்னும் தைரியமாகப் பேசுகிறார்கள். பெற்றோர் இருவரில் ஒருவருக்கு மற்றவரைக் கண்டு பயம் என்றால் கூட்டத்தை இரண்டாக நடத்துங்கள். ஒரே நாளில் ஒரே அறையில் எல்லோரும் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எழுதுவது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். திட்டத்தை யாருக்காக எழுதுகிறோம்? மேலே போகும் ஃபைலுக்காக எழுதினால் 'முறையான கண்காணிப்பு வழங்கப்படும்' என்றுதான் வரும். அதை வைத்து ஓர் அப்பத்தா என்ன செய்வார்? யார், எந்த நாளில், என்ன செய்வார், செய்ய முடியாமல் போனால் யாரை அழைப்பார் என்று அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதுங்கள், சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், ஒரு நகலை வீட்டில் கொடுங்கள். குழுவில் ஒருவருக்குச் சம்மதம் இல்லையென்றால் அதையும் அதே தாளில் எழுதுங்கள். தலைமையாசிரியருக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று எழுதி வைத்தால், அவர் அதைப் பள்ளி வராந்தாவில் பையனிடம் காட்ட வேண்டிய அவசியம் இருக்காது. மறைத்து வைத்த மறுப்புதான் பின்னால் ஆளை விட்டு ஆளாகப் போய்த் திட்டத்தைக் கெடுக்கிறது.

அலுவலர்களாகிய நாம் ஒருவரோடொருவர் வேறுபடுவதைக் குடும்பத்தின் முன்னால் காட்டலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். காட்டலாம், மரியாதையோடு. மருத்துவர் ஒன்று நினைக்கிறார், ஆற்றுப்படுத்துநர் வேறொன்று நினைக்கிறார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தால், தானும் ஒன்றை நினைக்கலாம் என்று அவருக்குத் தோன்றும். ஆனால் யார் செலவு, யார் அதிகாரம், யார் கையெழுத்து என்ற சண்டைகளை வாசலுக்கு வெளியே முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். அதற்குக் குடும்பக் கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் நாம் மட்டும் கூடினால் போதும்.

உயர் அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். நான் பார்த்த கூட்டங்களில், திருப்பூரிலிருந்து வரும் அம்மாவுக்கும் கோயம்புத்தூரிலிருந்து வரும் மாமனுக்கும் பஸ் சார்ஜ் பெரும்பாலும் பணியாளர்கள் தங்கள் கையிலிருந்துதான் கொடுத்தார்கள். டீயும் வடையும் அப்படியே. ஒரு நாள் கூலி போகிறதே என்று வராமல் இருந்த உறவினர்கள் எத்தனையோ பேர். இல்லத்தில் ஒரு பிள்ளையை ஒரு மாதம் வைத்திருக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. அடுத்த ஆண்டுக்கான உங்கள் மாவட்டத் திட்டத்தில் குடும்பக் கூட்டங்களுக்கு என்று தனியாக ஒரு தலைப்புப் போட்டு, வருகிறவர்களின் பயணச் செலவையும் ஒரு நாள் கூலியையும் அதில் சேருங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை நடத்தும் பணியாளருக்கு வார நாளில் ஈடுசெய் விடுப்புக் கொடுங்கள். இந்த இரண்டுக்கும் உங்கள் கையெழுத்தே போதும்.